ஜாவா இணையச் செயலியில் உதவியான உள்நுழைவுப் பிழைச் செய்திகளைக் காட்டுவது எப்படி

மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் உள்ள ஒரு கமக்காரர் அமைப்பு தன் உறுப்பினர்களுக்காகச் சிறியதோர் இணையச் செயலியை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்போகத்துக்கான விதைநெல், பசளை ஒதுக்கீட்டையும் தமது நிலுவையையும் உறுப்பினர்கள் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கமே பயனர் பெயர். பின்னணியில் ஜாவா மொழி, அதில் இணையச் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் பூட், உள்நுழைவைக் கவனிக்கும் ஸ்பிரிங் செக்கியூரிட்டி, ஒரு தரவுத்தளம். இந்தச் செயலியில் ஒருவரால் உள்நுழைய முடியாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: இலக்கம் மாறியிருக்கலாம், கடவுச்சொல் மறந்திருக்கலாம், கணக்கு இன்னும் செயற்படுத்தப்படாமல் இருக்கலாம், தரவுத்தளமே நின்றுபோயிருக்கலாம். ஆனால் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே வரிதான்: “பேட் கிரெடென்ஷியல்ஸ்” (கொடுத்த விவரம் பிழை). அதைப் பார்த்தவர் அமைப்பின் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து, “மகன், நான் சரியாத்தான் அடிக்கிறன், இது பிழை எண்டு சொல்லுதே” என்பார். செயலாளருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரிய வழியில்லை.

காரணத்தை அப்படியே சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் பாதுகாப்புக் குறுக்கே நிற்கிறது. “இந்த இலக்கத்தில் கணக்கு இல்லை” என்று ஒருமுறையும் “கடவுச்சொல் பிழை” என்று மறுமுறையும் சொல்லும் செயலி, யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை எவருக்கும் காட்டிக்கொடுக்கிறது. கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் யார் என்பது ஊரறிந்த விடயம் என்பதால் அங்கே இதனால் பெரிய கேடு விளையாது. ஆனால் இதே செயலியை நுண்கடன் பெற்ற பெண்களுக்காகவோ உளவள ஆலோசனைக்குப் பதிவு செய்தோருக்காகவோ எழுதியிருந்தால், அயல்வீட்டுக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துப் பார்ப்பவர் அவருடைய அந்தரங்கத்தையே அறிந்துகொள்வார். எந்தத் தளமாக இருந்தாலும் முதலிலிருந்தே இறுக்கமான முறையைப் பின்பற்றுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் ஒரு செயலியின் உள்நுழைவுப் பகுதியை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை முடிவு செய்ய, அந்தச் செய்தி எந்தத் தகவலிலிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் போதும். பயனர் இப்போது தட்டச்சு செய்ததை மட்டும் பார்த்துச் சொல்லும் குறிப்பு யாருடைய இரகசியத்தையும் வெளியிடாது. அதைத் தாராளமாகச் சொல்லலாம். செயலியின் சொந்தக் கோளாறும் அப்படியே. கணக்கின் நிலையிலிருந்து பிறக்கும் செய்தியை மட்டும், அதாவது முடக்கப்பட்டது, காலாவதியானது, அனுமதிக்குக் காத்திருக்கிறது என்பவற்றை, கடவுச்சொல் சரியென்று உறுதியான பின்னரே சொல்ல வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையை நிறைவேற்றுவதற்கானவை.

சரிபார்க்கும் ஒழுங்கை மாற்றுதல்

ஸ்பிரிங் செக்கியூரிட்டியில் பயனரைத் தேடிக் கடவுச்சொல்லை ஒப்பிடும் வேலையை டாஓ ஆதென்டிகேஷன் புரொவைடர் என்னும் வகுப்பு (நிரலின் ஓர் அலகு) செய்கிறது. பயனர் கிடைக்காதபோது எழும் யூசர்நேம் நொட் ஃபவுண்ட் எக்செப்ஷனை (எக்செப்ஷன் என்பது நிரல் எழுப்பும் பிழை அறிவிப்பு) அது இயல்பாகவே மறைத்து, பேட் கிரெடென்ஷியல்ஸ் எக்செப்ஷனாக மாற்றித் தருகிறது. ஹைட் யூசர் நொட் ஃபவுண்ட் எக்செப்ஷன்ஸ் என்னும் அமைப்பின் பெறுமதி ட்ரூ என்று இருப்பதே இதற்குக் காரணம். “சரியான காரணத்தைக் காட்ட வேண்டும்” என்று அதை ஃபோல்ஸ் ஆக்கச் சொல்லும் ஆலோசனைகளைப் பின்பற்ற வேண்டாம். பயனர் இல்லாதபோதும் ஒரு போலிக் கடவுச்சொல்லை ஒப்பிட்டு, பதில் வரும் நேரத்தில் வேறுபாடு தெரியாமல் பார்த்துக்கொள்வதும் இதே வகுப்புத்தான். சொந்தமாக ஒரு புரொவைடரை எழுதுவோர் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் இந்த வகுப்பில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்ற மூன்று சோதனைகளும் இயல்பான அமைப்பில் கடவுச்சொல் ஒப்பீட்டுக்கு முன்னரே நடக்கின்றன. கடவுச்சொல் காலாவதியானதா என்பது மட்டுமே ஒப்பீட்டுக்குப் பின்னர் பார்க்கப்படுகிறது. ஆகவே எவர் எந்தக் கடவுச்சொல்லை அடித்தாலும், முடக்கப்பட்ட கணக்கென்றால் டிசேபிள்ட் எக்செப்ஷன் எழும். அதற்கெனத் தனிச் செய்தி வைத்திருந்தால், கணக்கு இருப்பது வெளியாகிவிடும்.

இதைத் திருத்துவது எளிது. புரொவைடரின் செட் பிரீ ஆதென்டிகேஷன் செக்ஸ் என்னும் மெத்தடுக்கு (வகுப்பின் செயற்கூறு) எதையும் செய்யாத ஒரு வெற்று லாம்ப்டாவை (பெயரில்லாச் சிறு செயற்கூறு) கொடுங்கள். செட் போஸ்ட் ஆதென்டிகேஷன் செக்ஸ் என்பதற்கு, ஸ்பிரிங்கிலேயே உள்ள அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் யூசர் டீட்டெயில்ஸ் செக்கர் வகுப்பின் ஒரு பொருளைக் கொடுங்கள். அந்த வகுப்பு நான்கு நிலைகளையும் பார்ப்பதால், கடவுச்சொல் காலாவதிச் சோதனையும் விடுபட்டுப் போகாது. இதன் பிறகு “உங்கள் கணக்கு இன்னும் செயற்படுத்தப்படவில்லை, அமைப்பின் செயலாளரைத் தொடர்புகொள்ளுங்கள்” என்பதைத் தயக்கமின்றிக் காட்டலாம், ஏனெனில் அதைக் காண்பவர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தவர்.

தோல்வியைக் கையாளும் வகுப்பு

அடுத்து, சிம்பிள் யூஆர்எல் ஆதென்டிகேஷன் ஃபெயிலியர் ஹேண்ட்லரை நீட்டித்து ஒரு வகுப்பை எழுதி, ஃபோர்ம் லொகின் என்னும் உள்நுழைவுப் படிவ அமைப்பில் அதை ஃபெயிலியர் ஹேண்ட்லராகக் கொடுக்க வேண்டும். அது செய்ய வேண்டியது ஒன்றே: வந்திருக்கும் எக்செப்ஷனின் வகையைப் பார்த்து, ‘பொருந்தவில்லை’, ‘முடக்கம்’, ‘காலாவதி’, ‘சேவைக்கோளாறு’ என்பன போன்ற ஒரு சிறு குறியீட்டைத் தெரிவுசெய்து, அதை எரர் என்னும் அளவுருவாக உள்நுழைவு முகவரியில் சேர்த்து அனுப்புவது. செய்தியின் வாசகத்தையே முகவரியில் அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால், “உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்” என்று எவரும் ஓர் இணைப்பை உருவாக்கி வட்ஸ்அப்பில் பரப்பலாம். அது உங்கள் தளத்தின் முகவரியிலேயே, உங்கள் பக்கத்திலேயே தோன்றும். பக்கம் தனக்குத் தெரிந்த குறியீடுகளை மட்டும் ஏற்று, மற்றவற்றுக்குப் பொதுச் செய்தியைக் காட்ட வேண்டும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் எக்செப்ஷன் மேப்பிங் ஆதென்டிகேஷன் ஃபெயிலியர் ஹேண்ட்லரையும் பயன்படுத்தலாம். ஆனால் அது எக்செப்ஷனின் வகுப்புப் பெயரை அப்படியே ஒப்பிடுகிறது. தாய் வகுப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு வாரிசு வகுப்புகளும் அதில் அடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாமே எழுதும் வகுப்பில் வாரிசுகளையும் சேர்த்து வகை பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஒஃப் கொண்டு சோதிப்பது தெளிவானது.

இந்த இடத்தில் பலரைத் தடுமாற வைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபோர்ம் லொகின் பகுதியில் பெர்மிட் ஓல் என்று எழுதியவுடன் உள்நுழைவுப் பக்கம் எல்லாருக்கும் திறந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது முகவரியை, கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியையும் சேர்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே அனுமதிக்கிறது. எரர் என்பதோடு ஒரு குறியீட்டையும் சேர்த்து நீங்கள் அனுப்பும் முகவரி அந்த அனுமதிக்குள் வராது. அதனால் கோரிக்கை மறுக்கப்பட்டு, பயனர் மீண்டும் வெறும் உள்நுழைவுப் பக்கத்துக்கே அனுப்பப்படுகிறார். செய்தி எதுவும் தோன்றாது, செயலி தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேட்டிலும் பிழை தெரியாது. ஓதரைஸ் எச்டிடிபி ரிக்வெஸ்ட்ஸ் பகுதியில் உள்நுழைவுப் பாதைக்கென்று தனியாக ஒரு ரிக்வெஸ்ட் மெச்சர்ஸ் வரியைப் பெர்மிட் ஓல் உடன் எழுதினால் இது தீரும்.

ஸ்பிரிங் கடைசி எக்செப்ஷனை செஷனிலும், அதாவது ஒரு பயனரின் வருகைக்கெனச் சேவையகம் வைத்திருக்கும் தற்காலிக நினைவிலும், வைக்கிறது. அதை நேரடியாகப் பக்கத்தில் அச்சிடும் பழைய எடுத்துக்காட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றினால் உட்பொருளான ஆங்கில வாசகங்களும், சிலவேளை தரவுத்தளத்தின் பெயர் முதலிய விவரங்களும் திரைக்கு வந்துவிடும். பயனர் பக்கத்தைப் புதிதாகத் திறந்தாலும் பழைய பிழை மறுபடியும் தலைகாட்டும். குறியீட்டு முறையில் இந்த இரண்டும் இல்லை.

தோல்விக்குப் பின் அடையாள அட்டை இலக்கம் பெட்டியிலேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும். ஹேண்ட்லரில் பயனர் பெயரை செஷனில் வைத்து, பக்கம் காட்டியவுடன் அழித்துவிடலாம். பக்கத்தை உருவாக்கும் கருவியான தைம்லீஃபில் டெக்ஸ்ட், வெல்யூ ஆகிய பண்புகளின் வழியாகவும், அதைப் போன்ற ஜேஎஸ்பியில் சீ அவுட் வழியாகவும் அச்சிட்டால், பெட்டிக்குள் எவரேனும் ஸ்கிரிப்டை அடித்திருந்தாலும் அது இயங்காது. செய்திப் பெட்டிக்கு ரோல் பண்பாக அலேர்ட் என்று கொடுப்பது, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடுடையோருக்கு உதவும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பிச் செய்தியைக் காட்டக் கூடாது.

ஸ்பிரிங் இல்லாமல், ஜாவாச் சேவையகமான டொம்கேட்டின் ஃபோர்ம் முறையை மட்டும் பயன்படுத்துவோருக்கு இவ்வளவு இடமில்லை. எல்லாத் தோல்வியும் ஃபோர்ம் எரர் பேஜ் என்னும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும். காரணத்தைப் பிரித்தறிய வேண்டுமென்றால், சொந்த சேர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதிலளிக்கும் ஜாவா வகுப்பு) ஒன்றில் சேர்வ்லெட் 3.0 முதல் கிடைக்கும் லொகின் மெத்தடை அழைத்து, காரணத்தை அங்கே நாமே சோதிக்க வேண்டும்.

செயலியின் கோளாறைப் பயனர்மீது சுமத்தாமை

தரவுத்தளம் நின்றுபோனால் என்ன நடக்கும்? பயனரைத் தேடும்போது எழும் எந்த எதிர்பாராத பிழையையும் டாஓ புரொவைடர் இன்டேர்னல் ஆதென்டிகேஷன் சேர்விஸ் எக்செப்ஷனுக்குள் வைத்துச் சுற்றித் தருகிறது. அதுவும் ஆதென்டிகேஷன் எக்செப்ஷனின் வாரிசே. ஆகவே உள்நுழைவுக் கோரிக்கையை முதலில் பெறும் வடிகட்டி அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, சாதாரண உள்நுழைவுத் தோல்வியைப் போலவே ஃபெயிலியர் ஹேண்ட்லரிடம் ஒப்படைக்கிறது. தனியாகப் பிரிக்காத செயலி அந்த வேளையில் எல்லா உறுப்பினருக்கும் கடவுச்சொல் பிழை என்று சொல்லும். பசளை விநியோக நாளில் இது நடந்தால், சரியான கடவுச்சொல்லை வைத்திருப்பவர்களும் அதை மாற்ற முனைவார்கள், மாற்றுவதும் தோற்கும், தொலைபேசி ஓயாமல் அடிக்கும். உள்நுழைவுப் பிழைகளில் மிகவும் மோசமானது இதுதான் என்பேன்.

எனவே ஹேண்ட்லரில் முதலில் சோதிக்க வேண்டியது ஆதென்டிகேஷன் சேர்விஸ் எக்செப்ஷன். அதற்கான செய்தி இப்படி இருக்கலாம்: “எங்கள் பக்கத்தில் ஒரு கோளாறு. உங்கள் கடவுச்சொல்லில் பிழை இருப்பதாக இதற்குப் பொருளில்லை. அதை மாற்ற வேண்டாம். சிறிது நேரத்தின் பின் மீண்டும் முயலுங்கள். குறிப்பு இலக்கம் 4821.” அந்தக் குறிப்பு இலக்கத்தை ஹேண்ட்லரே உருவாக்கி, பதிவேட்டில் எக்செப்ஷனின் முழு விவரத்தோடும் சேர்த்து எழுத வேண்டும். உறுப்பினர் தொலைபேசியில் வாசித்துக் காட்டக்கூடியதாக அது குறுகிய எண்ணாக இருக்கட்டும். பதிவேட்டில் கடவுச்சொல்லை ஒருபோதும் எழுதக் கூடாது. பயனர் பெயரையும் யோசித்தே எழுத வேண்டும், ஏனெனில் அவசரத்தில் பெட்டி மாறி அங்கே கடவுச்சொல்லை அடிப்பவர்கள் உண்டு.

இன்னொரு வகைக் கோளாறு ஹேண்ட்லருக்கே வந்து சேர்வதில்லை. உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, அலைவரிசை போய், வயலுக்கும் போய்த் திரும்பி வந்து பொத்தானை அழுத்துபவருக்கு 403 (அனுமதி இல்லை) என்ற வெறும் பக்கம் வரும். படிவத்தோடு அனுப்பப்படும் சீஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் இரகசியக் குறி) செஷனோடு பிணைந்திருப்பதும், இயல்பான அமைப்பில் செஷன் 30 நிமிடத்தில் காலாவதியாவதும் இதற்குக் காரணம். ஓர் அக்செஸ் டினைட் ஹேண்ட்லரை எழுதி, வந்தது சீஎஸ்ஆர்எஃப் எக்செப்ஷனா, கோரிக்கை உள்நுழைவுக்குரியதா என்று பார்த்து, இரண்டும் ஆம் என்றால் ‘நேரங்கடந்தது’ என்ற குறியீட்டோடு உள்நுழைவுப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள். “இந்தப் பக்கம் நீண்ட நேரம் திறந்திருந்தது. பாதுகாப்புக்காகப் புதுப்பித்திருக்கிறோம், மீண்டும் ஒருமுறை உள்நுழையுங்கள்” என்பது போதும். டோக்கன் சோதனையையே நிறுத்திவிடுவது தீர்வல்ல.

பல முறை தவறினால்

தொடர்ந்து தவறான கடவுச்சொல்லை அடிப்பவரைத் தடுக்காமல் விடவும் முடியாது, கணக்கைப் பூட்டிவிடவும் தயங்க வேண்டியிருக்கிறது. கணக்கைப் பூட்டும் முறையில், ஒருவருடைய இலக்கம் தெரிந்த எவரும் அவரை வெளியே நிறுத்திவிடலாம். ஐபி முகவரியை மட்டும் கொண்டு தடுப்பதும் இங்கே பொருந்தாது. கைபேசி வலையமைப்பில் பல வாடிக்கையாளர் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது சாதாரணம் என்பதால், ஒருவரின் பிழைக்காக ஊரில் பாதிப் பேர் தடைபடலாம். தட்டச்சு செய்யப்பட்ட பெயரை, அப்படியொரு கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி எண்ணி, ஐந்தாவது தவறுக்குப் பின் சில நிமிடம் காத்திருக்கச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது. இல்லாத பெயருக்கும் அதே செய்தி வருவதால், இதைக் கடவுச்சொல் சரிபார்க்கும் முன்னரே வெளிப்படையாகச் சொல்லலாம். எண்ணுவதற்கு ஆதென்டிகேஷன் ஃபெயிலியர் பேட் கிரெடென்ஷியல்ஸ் ஈவென்ட் என்னும் நிகழ்வு அறிவிப்பைக் கேட்கும் ஒரு லிஸனர் போதும். ஆதென்டிகேஷன் சக்ஸஸ் ஈவென்ட் வந்ததும் எண்ணிக்கையை அழிக்கலாம். தடுக்கும் வேலையை யூசர்நேம் பாஸ்வேட் வடிகட்டிக்கு முன் வைக்கும் ஒரு சிறு வடிகட்டி செய்யும். சேவைக்கோளாறினால் வந்த தோல்விகள் இந்தக் கணக்கில் சேரக் கூடாது.

எத்தனை நிமிடம் என்பதைச் செய்தியில் கட்டாயம் சொல்லுங்கள். “பின்னர் முயலுங்கள்” என்று மட்டும் கண்டவர் அடுத்த நிமிடமே முயல்வார்.

தட்டச்சிலிருந்தே தெரியும் பிழைகள்

தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவில் இருக்கிறது: பழையது ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும்; 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்கள். பழைய அட்டையோடு பதிவு செய்துவிட்டுப் புதிய அட்டையைப் பார்த்து அடிப்பவர்களுக்கு உள்நுழைவு தோற்றுக்கொண்டே இருக்கும். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 நுழைத்து, இறுதி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். பதிவின்போதும் உள்நுழைவின்போதும் இலக்கத்தை இப்படிப் புதிய வடிவத்துக்கு மாற்றியே சேமித்தும் ஒப்பிட்டும் வந்தால், இந்தப் பிழை வரவே வராது. முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்தையும் நீக்கிவிடுங்கள்; கைபேசி விசைப்பலகையின் பரிந்துரையைத் தொட்டால் இறுதியில் ஒரு வெற்றிடம் சேர்வது வழக்கம். கடவுச்சொல்லில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இலக்கத்தில் எண்கள் குறைந்திருந்தால், “அடையாள அட்டை இலக்கத்தில் 12 எண்கள் இருக்க வேண்டும், நீங்கள் 11 எண்களை இட்டிருக்கிறீர்கள்” என்று நேரடியாகச் சொல்லலாம். கடவுச்சொல்லில் தமிழ் எழுத்துகள் கலந்திருக்கின்றனவா என்பதை, கரக்டர் வகுப்பின் யூனிகோட் பிளொக் கொண்டு சோதிக்க முடியும். புள்ளிகளாக மறைந்திருக்கும் பெட்டியில், தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருப்பதை எவராலும் காண முடியாது. “விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள்” என்ற ஒரு வரி பலரைக் காப்பாற்றும். கடவுச்சொல்லைக் காட்டும் பொத்தான் அதைவிட உதவும்.

தமிழிலேயே கடவுச்சொல் வைக்க விரும்புவோரை அனுமதிப்பதானால், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் சேர்ந்தும் வரும் ஒகர, ஓகார உயிர்மெய்களை ஜாவாவின் நோர்மலைசர் வகுப்பால் ஒரே வடிவாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். கடவுச்சொல்லை மீட்க முடியாத வடிவில் சேமிக்கும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. யூடிஎஃப்-8 எழுத்துக் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் என்பதால் 24 குறிகளோடு எல்லை முடிந்துவிடும். இதைக் கடவுச்சொல் அமைக்கும் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

செய்திக் கோப்பும் மொழியும்

வாசகங்களை ஜாவா நிரலுக்குள் எழுதாமல் மெசேஜஸ் புரோப்பர்ட்டீஸ் கோப்புகளில் வையுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இயங்கும் செயலி என்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தேவைப்படும். ஜாவா 8 வரை ரிசோர்ஸ் பண்டில் வகுப்பு இக்கோப்புகளை, தமிழ் எழுத்துகள் இல்லாத ஐஎஸ்ஓ-8859-1 குறிமுறையாக வாசித்ததால் தமிழ் சிதைந்து தோன்றியது; 2017 இல் வந்த ஜாவா 9 முதல் யூடிஎஃப்-8 ஆகவே வாசிக்கப்படுகிறது. ஸ்பிரிங் பூட்டும் இயல்பாக யூடிஎஃப்-8 ஐயே எதிர்பார்க்கிறது. ஆனால் தமிழை அடிப்படைக் கோப்பிலும் ஆங்கிலத்தைத் தனிக் கோப்பிலும் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழுக்கென்று தனிக் கோப்பு இல்லாதபோது, அடிப்படைக் கோப்புக்குப் போகுமுன் சேவையகத்தின் சொந்த மொழிக் கோப்பு தேடப்படும். சேவையகம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பயனருக்கு ஆங்கிலமே வரும். ஃபோல்பேக் டூ சிஸ்டம் லொகேல் என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கிவிடுங்கள்.

கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர் ஏராளம் என்பதால் உலாவி சொல்லும் மொழியை நம்பாமல், பக்கத்தின் மேலே மொழிப் பொத்தான்களை வைத்துத் தெரிவைக் குக்கியில் சேமிப்பது நல்லது. அந்தத் தெரிவு, கோரிக்கையை உரிய நிரலுக்கு அனுப்பும் ஸ்பிரிங்கின் டிஸ்பெச்சர் சேர்வ்லெட்டில்தான் வாசிக்கப்படுகிறது. பாதுகாப்பு வடிகட்டிகளோ அதற்கு முன்னர் இயங்குகின்றன. ஹேண்ட்லருக்குள்ளேயே வாசகத்தை எடுத்தால் தவறான மொழி வரக்கூடும். குறியீட்டை மட்டும் அனுப்பி, வாசகத்தைப் பக்கத்தில் எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

முதன்மையான செய்தி இவ்வாறு அமையலாம்: “அடையாள அட்டை இலக்கமோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. இரண்டையும் சரிபார்த்து மீண்டும் முயலுங்கள். மறந்துவிட்டால் ‘புதிய கடவுச்சொல்’ என்பதை அழுத்துங்கள்.” அந்தப் பொத்தான் செய்திக்கு அடியிலேயே இருக்க வேண்டும். புதிய கடவுச்சொல் கேட்கும் பக்கமும் “இந்த இலக்கத்துக்குக் கணக்கு இருந்தால், பதிவான கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறோம்” என்று ஒரே மாதிரிப் பதிலளிக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வாசலில் பூட்டியது பின்வாசலால் வெளியேறும்.

சோதித்தல்

ஸ்பிரிங் செக்கியூரிட்டி டெஸ்ட் நூலகத்தின் ஃபோர்ம் லொகின் மூலம் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சோதனையை எழுதலாம். முக்கியமானவை இரண்டு: இல்லாத கணக்குக்கும், இருக்கும் கணக்கின் தவறான கடவுச்சொல்லுக்கும் ஒரே முகவரி வருகிறதா என்பது ஒன்று, முடக்கப்பட்ட கணக்குக்குத் தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அதே முகவரிதான் வருகிறதா என்பது மற்றது. அதன் பின் கையால் சோதியுங்கள். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு உள்நுழைந்து பாருங்கள். செஷன் காலத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து, பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்து பொத்தானை அழுத்துங்கள். இறுதியாக, கணினியோடு பழக்கமில்லாத உறுப்பினர் ஒருவரிடம் ஒவ்வொரு செய்தியையும் கைபேசித் திரையில் காட்டி, “அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டால் அந்த வரியை மாற்றி எழுதிவிட்டு, வேறொருவரிடம் காட்டுங்கள்.